தாமிரம் கொழிக்கும் சாம்பியாவுக்கு 120 நாள் கடனில் பம்ப் அனுப்பலாமா?

கோவை கணபதியில் பம்ப் தயாரிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாம்பியாவின் கிட்வே நகரிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. சுரங்கங்களுக்குச் சப்ளை செய்யும் உள்ளூர் நிறுவனம். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி சரக்கு போய்ச் சேர்ந்து 120 நாளில். தாமிரம் கொட்டிக் கிடக்கும் நாடு, பணம் எங்கே போய்விடும் என்கிறார் என் பார்ட்னர். அனுப்பலாமா?"

அனுப்புங்கள், ஆனால் இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். தாமிரம் அந்த நாட்டு மண்ணில் இருக்கிறது என்பது உண்மைதான். உங்களுக்குப் பணம் தர வேண்டியது மண் அல்ல, கிட்வேயில் இருக்கும் அந்த ஒரு நிறுவனம்.

முதலில் உங்கள் பார்ட்னர் சொல்வதில் உள்ள நியாயம். சாம்பியாவின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் தாமிரம். 2024-இல் 8 லட்சம் டன்னுக்கு மேல் எடுத்தார்கள், அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் 30 லட்சம் டன் என்பது அரசின் இலக்கு. அதை எட்டுவார்களோ இல்லையோ, முதலீடு வந்துகொண்டிருக்கிறது. சொல்வெசி பக்கம் கான்சான்ஷி சுரங்கத்தில் ஃபர்ஸ்ட் குவாண்டம் நிறுவனமும், லும்வானா சுரங்கத்தில் பாரிக் நிறுவனமும் பெரிய விரிவாக்கத்தில் இறங்கியிருக்கின்றன. அரசியலும் மோசமில்லை. 1991, 2011, 2021 என்று மூன்று முறை பதவியில் இருந்த அதிபரே தேர்தலில் தோற்று இறங்கிப் போயிருக்கிறார். உங்கள் தொழிலுக்கு இன்னொரு விஷயம்: அங்குள்ள கொங்கோலா, உலகிலேயே நீர் அதிகம் ஊறும் சுரங்கங்களில் ஒன்று, ஒரு நாளைக்கு 3 லட்சம் கன மீட்டருக்கு மேல் இறைத்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. பம்ப் நின்றால் சுரங்கம் மூழ்கிவிடும். அதனால் தாமிர விலை சரிந்த வருடத்திலும் பம்பும் உதிரி பாகமும் வாங்கித்தான் ஆகவேண்டும். தேவை நிலையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். விலை நன்றாக இருந்த காலத்தில் அந்த அரசு 2012, 2014, 2015 என மூன்று தடவை சர்வதேசச் சந்தையில் கடன் பத்திரம் விற்று 300 கோடி டாலர் வாங்கியது, சீன வங்கிகளிடம் வாங்கியது தனி. கடைசியில் 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் தவறியது. கொரோனா காலத்தில் அப்படித் தவறிய முதல் ஆப்பிரிக்க நாடு அதுதான். பத்திரம் வைத்திருந்தவர்களோடு உடன்பாடு முடிய 2024 ஆகிவிட்டது. இத்தனைக்கும் அந்த வருடங்களில் தாமிரம் தோண்டுவது நிற்கவில்லை, 2021-இல் விலை உச்சத்தில் இருந்தது.

அப்புறம் மழை. இதைத்தான் நம் ஏற்றுமதியாளர்கள் கவனிப்பதே இல்லை. சாம்பியாவின் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நீர்மின்சாரம், அதில் ஒரு முக்கியப் பங்கு கரீபா அணையை நம்பியது. 2024-இல் எல் நினோ வறட்சியில் அணை வற்றி, ஊர்களில் நாளின் பெரும்பகுதி மின்சாரமே இல்லை. சுரங்கங்கள் வெளிநாட்டு மின்சாரத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கின, கடைக்காரர்கள் டீசல் ஜெனரேட்டருக்குப் போனார்கள், மக்காச்சோளம் கருகியதால் உணவும் இறக்குமதி. எல்லாவற்றுக்கும் டாலர் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் டாலர் தேடினால் அந்த நாட்டு நாணயமான க்வாச்சா என்ன ஆகும்? 2020 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 14 க்வாச்சா அளவில் இருந்தது, அந்த ஆண்டு முடிவில் 21, 2021 தேர்தலுக்குப் பின் 16 வரை மீண்டது, 2024-இல் 26-ஐத் தாண்டியது. உங்கள் வாடிக்கையாளர் க்வாச்சாவில் சம்பாதித்து டாலரில் உங்களுக்குத் தர வேண்டியவராக இருந்தால், நேர்மையானவராகவே இருந்தாலும் 120 நாளில் கை முடங்கிப் போகலாம்.

இன்னொன்று, சுரங்கத்துக்கும் அரசுக்கும் நடக்கும் சண்டை. கொங்கோலாவை நடத்திய கேசிஎம் நிறுவனத்தில் பெரும்பங்கு வேதாந்தாவுடையது, தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் அதே குழுமம். 2019-இல் அரசு அதைக் கலைப்பு அதிகாரியிடம் ஒப்படைத்தது, நிர்வாகம் வேதாந்தாவிடம் திரும்பியது 2024-இல். திரும்பத் தருவதற்கான நிபந்தனைகளில் ஒன்று, உள்ளூர்க் கடன்காரர்களின் பாக்கிக்கு 25 கோடி டாலர். அதாவது சப்ளையர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தச் சப்ளையர்களுக்குக் கடனில் பொருள் கொடுத்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள், நீங்கள் இப்போது நிற்கப்போவது அந்த இடத்தில்தான்.

சரி, என்ன செய்யலாம். இந்தப் பம்ப் எந்தச் சுரங்கத்துக்குப் போகிறது, அந்தச் சுரங்கம் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர் டாலரிலா க்வாச்சாவிலா என்று கேளுங்கள். ஆர்டரின் நகலைக் காட்டத் தயங்கினால் நான் மேற்கொண்டு பேசமாட்டேன். எல்.சி. (வாங்குபவருக்காக அவருடைய வங்கி தரும் பண உத்தரவாதம்) கிடைத்தால் நல்லது, ஆனால் சாம்பிய வங்கியின் எல்.சி. மட்டும் போதாது, வெளிநாட்டு வங்கி ஒன்று அதை உறுதி செய்திருக்க வேண்டும். டாலர் தட்டுப்பாடு வந்தால் உள்ளூர் வங்கியும் அதே வரிசையில்தான் நிற்கும். உறுதி செய்யும் கட்டணத்தை விலையில் சேர்த்துவிடுங்கள். எல்.சி.க்கு ஒத்துவரவில்லை என்றால் சரக்கைக் கப்பலேற்றும் முன்பே, ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் மத்திய அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யில் அந்த வாடிக்கையாளரின் பெயரில் கடன் வரம்பு வாங்குங்கள். வாங்குபவர் திவாலானால் மட்டுமா, நாட்டிலிருந்து பணம் வெளியேற முடியாமல் போனாலும் பாலிசி பொருந்துமா என்பதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

"போய்ச் சேர்ந்து 120 நாள்" என்ற வரியை மாற்றியே ஆகவேண்டும். சாம்பியாவுக்குக் கடல் கிடையாது. தூத்துக்குடியிலிருந்து தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் வரை கப்பல், அங்கிருந்து லாரி, இரு நாடுகளுக்கும் இடையே துண்டுமா–நகொண்டே எல்லையில் வரிசை, பிறகுதான் கிட்வே. வழியில் எங்கே தேங்கினாலும் அந்த நாட்களும் உங்கள் கணக்கில்தான் ஏறும். பில் ஆஃப் லேடிங் (சரக்கு கப்பலேறியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீது) தேதியிலிருந்து 90 நாள் என்று எழுதுங்கள். அட்வான்ஸை 50 சதவீதமாகக் கேளுங்கள், 40-க்கு இறங்கி வந்தாலும் பரவாயில்லை. முதல் ஆர்டரில் கேட்ட அளவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அனுப்பி, அந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு அடுத்த கன்டெய்னரை ஏற்றுங்கள். சூரிய ஒளியில் ஓடும் விவசாயப் பம்ப் உங்களிடம் இருந்தால் அதன் விலைப்பட்டியலையும் சேர்த்தே அனுப்பிவையுங்கள், அந்த வறட்சிக்குப் பிறகு அங்கே அதைக் கேட்க ஆள் இருக்கிறது.