"வெக்கையான ஊரில அம்மாவுக்கு என்னத்துக்குக் குவில்ற்?" எண்டு கேட்ட பிள்ளைக்கு

கேள்வி: ஓய்வு பெற்ற எங்கட அம்மா பழைய சீலை, சேட்டு எல்லாத்தையும் வெட்டிக் குவில்ற் எண்ட ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப்போறன் எண்டு யாழ்ப்பாணத்தில நிக்கிறா. அந்த வெக்கைக்குள்ள உது தேவையா? வேற ஏதும் உருப்படியான பொழுதுபோக்கு இருந்தால் சொல்லுங்கோ.

பதில்:

உந்த "உருப்படியான" எண்ட சொல்லைப் பாத்திட்டுத்தான் எழுதுறன், இல்லாட்டி நான் இங்க வாசிச்சிட்டுப் போற ஆள், பதில் எழுதுற பழக்கமில்லை.

நீங்கள் வெளிநாட்டில இருக்கிற பிள்ளை எண்டு நினைக்கிறன். ஊரில கூட இருக்கிற பிள்ளை உப்பிடிக் கேக்காது, அம்மா விறாந்தையில இருந்து தைச்சுக்கொண்டிருந்தால் அதுக்கு நிம்மதி. வீடியோ கோலில அம்மாவுக்குப் பின்னால துணிக் குவியலைக் கண்டாத்தான் தூரத்தில இருக்கிற ஆக்களுக்கு வயித்தைக் கலக்கும். என்ர மகளும் இதையேதான் கேட்டவ. நீங்கள் உள்ளூரில இருக்கிறீங்கள் எண்டால் குறை நினையாதேங்கோ.

நான் இணுவில். 33 வருசம் மனைப்பொருளியல் படிப்பிச்சு 2015 இல பென்சன் எடுத்தனான். முதல்ல வெக்கைக் கதையை முடிப்பம். மார்கழி தையில விடியப்புறம் நாலரைக்கு எங்கட பக்கம் வந்து சீமெந்து நிலத்தில ஒருக்காப் படுத்துப் பாருங்கோ. திருவெம்பாவைக்குச் சங்கு ஊதிக்கொண்டு போற பெடியளே காதை மூடிக் கட்டிக்கொண்டுதான் போறவங்கள். குவில்ற் எண்டால் மூண்டு படை, மேல துண்டு துண்டாப் பொருத்தின துணி, நடுவில பஞ்சு விரிப்பு, அடியில ஒரு வெறுந்துணி, மூண்டும் விலகாமல் மேலால நூல் ஓடிறது, அவ்வளவுதான். ஊருக்குத் தைக்கிறதில நான் பஞ்சு வைக்கிறேல்லை, தேய்ஞ்ச பருத்திச் சீலை ஒண்டை ரெண்டா மடிச்சு நடுவில வைச்சிடுவன், போத்தவும் ஏலும் நிலத்தில விரிக்கவும் ஏலும். வெக்கையாம் வெக்கை. கலியாண வீட்டுக்குப் பங்குனி வெயிலில காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு போகேக்க ஒருத்தரும் வெக்கை எண்டு கேள்வி போடேல்லை.

இனி என்ர கதை. எனக்குச் சீதனத்தோட வந்தது ஒரு சிங்கர் கைமெசின், கையால சுத்திறது, கரண்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30 ராத்திரி, சண்டை நெருங்கி வலிகாமச் சனம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்குப் போகேக்க நாங்களும் போனனாங்கள், மழை வேற, இவர் மெசின்ர மரப்பெட்டியை வீட்டில விட்டிட்டுத் தலையை மட்டும் சைக்கிள் கரியரில பழைய ரியூப்பால இறுக்கிக் கட்டினவர், பாரில மகன், ஹான்டிலில அரிசிப்பை, நான் மகளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பின்னால. அரிசியை நனைய விட்டவர், மெசினுக்கு மேல தன்ர சேட்டைக் கழட்டிப் போட்டவர். அதுக்காக இவர் தையலில அக்கறை உள்ள மனிசன் எண்டு நினையாதேங்கோ, "இரும்பு கறள் பிடிச்சால் விக்கேலாது" எண்டுதான் சொன்னவர்.

கொடிகாமத்தில ஒரு வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில ஆறு மாதம் இருந்தம். பிள்ளையளுக்குப் போத்த ஒண்டும் இல்லை. மாப்பைத் துணி, கிழிஞ்ச வெள்ளை யூனிபோர்ம், என்ர ஒரு சீலையின்ர முந்தானை எல்லாத்தையும் பொருத்தி ஒரு போர்வை தைச்சனான். நூல் வாங்க வழியில்லை. மாப்பையின்ர வாயில போட்டிருக்கிற தையலைப் பாத்திருப்பீங்கள், சரியான முனையைப் பிடிச்சு இழுத்தால் சர்ர்ர் எண்டு ஒரே இழுவையில முழு நூலும் கையில வரும், பிழையான முனையைப் பிடிச்சால் சிக்குப்பட்டு ஒவ்வொரு கண்ணியாப் பிரிக்கவேணும். அந்த நூலைத்தான் சுத்தி வைச்சு, ராத்திரியில ஜாம் போத்தல் விளக்கில கையாலயும் பகலில மெசினாலயும் தைச்சது. அதைக் கலை எண்டெல்லாம் நான் நினைக்கேல்லை, இல்லாத நேரத்துத் தையல், அவ்வளவுதான்.

பிறகு 2016 இல மகளிட்டைக் கனடாவுக்குப் போனன். ஸ்காபரோவில அவவும் மருமகனும் வேலைக்குப் போனால் வீட்டில நானும் ரீவியும்தான். பக்கத்து லைப்ரரியில கிழமைக்கு ஒருக்கா வயசு போன ஆக்கள் கூடித் தைக்கிறவை எண்டு மகள் கொண்டுபோய் விட்டா. அங்க ஒரு வெள்ளைக்கார அம்மா என்ர துண்டைத் தூக்கி அடிமட்டத்தை வைச்சுப் பாத்திட்டுச் சிரிச்சுக்கொண்டே திருப்பித் தந்தா, பிரிச்சுத் தைக்கட்டாம். கால் அங்குலம் விட்டுத் தைக்கவேணும், நூலளவு கூடினாலும் பத்துத் துண்டு சேரேக்க ஒரு விரல் அகலம் பிழைச்சுப்போம். பிள்ளையளின்ர கொப்பியில அளவு பிழை எண்டு 33 வருசம் சிவப்புப் பேனையால கோடு போட்ட எனக்கு! அண்டைக்கு பஸ்ஸில வரேக்க முகம் சுட்டுக்கொண்டு வந்தது. ஆனால் பிரிச்சுத் தைச்சனான்.

அந்த முறைதான் வாட்டர்லூவுக்குப் பக்கத்தில சென் ஜேக்கப்ஸ் எண்ட இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவை. மெனோனைற் எண்டு ஒரு சனம், அவையில கொஞ்சப்பேர் இப்பவும் குதிரை வண்டியிலதான் போய்வருகினம், அவையின்ர பொம்பிளையள் தைக்கிற குவில்ற்றை அங்க விக்கிறவை. நான் ரீச்சர் புத்தியில நேர பின்பக்கத்தைப் பிரட்டினன். அங்குலத்துக்குப் பத்துத் தையல் எண்ணினன், எல்லாம் கையால, பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்கு. விலைத்துண்டில ஆயிரம் டொலருக்கு மேல. மகள் "தொடாதேங்கோ அம்மா" எண்டு சத்தம் போட்டவ. விலையை விடுங்கோ, அந்தப் பின்பக்கம் கன நாள் என்னை நித்திரை கொள்ள விடேல்லை.

ஊருக்கு வந்து ரெண்டு குவில்ற் தொடங்கினன், ஒண்டு மகளுக்கு, மற்றது லண்டனில இருக்கிற மகனுக்கு. இவரின்ர சாரம், என்ர ஸ்கூல் சீலையள், பிள்ளையளின்ர சின்ன வயசுச் சட்டை, எல்லாம் போட்டன். கொடிகாமத்துப் போர்வை அப்பவே இத்துப் போச்சுது, மிஞ்சின நல்ல பாகத்தை ரெண்டா வெட்டி ரெண்டிலையும் ஒரு மூலையில வைச்சனான். மகன்ரதில வந்த துண்டில மாப்பையின்ர நீல எழுத்து அரைவாசி தெரியும். ஒவ்வொண்டுக்கும் ஒரு வருசத்துக்கு மேல போச்சுது. 2018 இல மகளின்ரதைக் கொண்டுபோய்க் குடுத்தன், அடுத்த வருசம் மகன்ரதை. (லண்டனுக்குப் போகேக்க, மகள் வாங்கித் தந்த உருளுற பிளேட்டுக் கட்டரை மறந்து கைப்பையுக்குள்ள வைச்சிட்டன். ஒரு எயாப்போட்டில எடுத்துக் குப்பைத் தொட்டியுக்குள்ள போட்டிட்டாங்கள். அறுபத்திச் சொச்சம் வயசில என்னைப் பயங்கரவாதி மாதிரிப் பாத்தவங்கள். அதை நினைச்சால் இப்பவும் எரியும்.)

2024 தை மாதம் மகன் வீட்டில நிக்கிறன். விடிய ஏழு மணி, குசினி ஜன்னலால பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறன், வெளியில கார்க் கண்ணாடிக்கு மேல என்னவோ விரிச்சுக் கிடக்கு, வெள்ளையா உறைபனி படிஞ்சு போச்சு, பார்த்தால் வைப்பருக்கு அடியில அமத்தி வைச்சிருக்கிற மூலையில நீல எழுத்து. மகன் வந்தான், ஒரே உதறு, சுருட்டி டிக்கியுக்குள்ள எறிஞ்சான், போட்டான். கண்ணாடியில ஐஸ் படியாமல் இருக்கவாம். மருமோளிட்டைப் பின்னேரம் கேட்டன், அவ பாவம் ஒளிக்காமல் சொன்னா, "மாமி, வேற பெட்சீற் எல்லாம் காத்துக்குப் பறக்குது, இதுதான் பாரமா ஒட்டி நிக்குது."

மருமோளைக் குறை சொல்லுறன் எண்டு ஒருத்தரும் கீழ வந்து சண்டைக்கு நிக்கவேண்டாம். அவ நல்ல பிள்ளை, எனக்கு முழங்கால் நோ எண்டால் எண்ணெய் போட்டு விடுறவ. விரிச்சது என்ர மகன். அதில என்ன துண்டு இருக்கெண்டு அவனுக்கு நான் குடுக்கேக்க சொன்னனான், அவன் போனைப் பாத்துக்கொண்டு "ஓம் அம்மா ஓம் அம்மா" எண்டவன்.

அண்டு ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தன். ஈரம், பெற்றோல் மணம். தெருவிளக்கு வெளிச்சத்தில ஓரப்பட்டியைச் சுத்திச் சுத்தித் தடவிப் பாத்தன், நாலு மூலையையும் இழுத்துப் பாத்தன். நாலு குளிர்காலம் உதறி எறிஞ்சும் ஒரு தையல் விடேல்லை! பொய் சொல்லேல்லை, கோவத்துக்கு நடுவில எனக்குப் புழுகம் வந்திட்டுது.

அப்பிடியே மகளிட்டையும் போனன். அங்க என்னெண்டால் அவ குவில்ற்றை ஒரு பிளாஸ்ரிக் பையுக்குள்ள வைச்சு, வக்குவம் கிளீனரால காத்தை உறிஞ்சி, பொரிக்காத அப்பளம் மாதிரித் தட்டையாக்கி அலுமாரிக்கு மேல வைச்சிருக்கிறா. பழுதாப் போடுமாம், பேத்திக்குக் கலியாணத்துக்குக் குடுக்கவாம். பேத்திக்கு ஒன்பது வயசு. மடிச்ச மடிப்பிலயே கிடந்தால் அந்த வரியில நூல் இத்துப்போம், அப்பப்ப எடுத்து வேற மாதிரி மடிக்கவேணும், விரிச்சு வைக்கிறது இன்னும் நல்லம் எண்டு சொன்னன். கேக்கேல்லை. எது கூடக் கோவம் எண்டு நீங்கள் கேட்டால், சத்தியமா, இந்தப் பைதான். காருக்குப் போட்டதாவது கழுவிக் கழுவி மெத்தெண்டு வந்திருந்தது.

உருப்படி எண்டு கேட்டீங்கள் எல்லோ. அமெரிக்காவில அலபாமாவில ஜீஸ் பெண்ட் எண்டு ஒரு இடம், அங்க கறுப்பினப் பெண்கள் தோட்ட வேலைக்குப் போட்டுத் தேய்ஞ்ச களிசான் துணியிலயே குவில்ற் தைச்சவை. குளிருக்குத்தான் தைச்சது. அதை 2002 இல நியூயோர்க் மியூசியம் ஒண்டில சுவரில தொங்கவிட்டு, 2006 இல அந்த நாட்டுத் தபால் முத்திரையிலயும் போட்டினம். அதே நாட்டில 1930 களில மாப்பைத் துணியில பூப்போட்டே வித்தவை, சனம் சட்டையும் குவில்ற்றும் தைக்குது எண்டு தெரிஞ்சு. நான் கொடிகாமத்தில செய்தது அவைக்கும் தெரிஞ்ச வேலைதான். அமெரிக்காக் கதை எங்களுக்கு என்னத்துக்கு எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், சரி, வங்காளத்தில கந்தா எண்டு பழைய சீலையளை அடுக்கி வைச்சு நூல் ஓடித்தானே போர்வை தைக்கிறவை. போன முறை பலாலியில இருந்து சென்னைக்குப் பறந்து காசிக்குப் போய்வரேக்க கல்கத்தாவில ஒண்டு வாங்கினனான். இவர் பேரம் பேசிப் பேசி அந்த மனிசி கடையைப் பூட்டப் பாத்தா.

இன்னொண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் ஏலாது. ஆவணியில நல்லூர்த் திருவிழாவுக்கெண்டு வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரர், போகேக்க தாங்கள் போட்டுக் கழிச்ச உடுப்பை ஒரு பையில கட்டி "இந்தாங்கோ ரீச்சர், உங்களுக்குத் துண்டு வெட்ட உதவும்" எண்டு தந்திட்டுப் போகினம். எல்லாம் இழுபடுற நைலோன். சூட்கேஸில பாரம் குறைக்க வேணுமெண்டால் நேராச் சொல்லலாம். உதே ஆக்கள்தான் "எங்களுக்கும் ஒண்டு தைச்சுத் தாங்கோவன்" எண்டு கேட்டிட்டுப் பெட்சீற் விலை சொல்லுறவை. அரசாங்கத்துக்கும் வருசா வருசம் நான் உயிரோட இருக்கிறன் எண்டு கடிதம் குடுத்தாத்தான் பென்சன், இவைக்கு என்னத்தைக் குடுத்தால் என்ர நேரத்துக்கு ஒரு மதிப்பு வரும் எண்டு தெரியேல்லை.

சரி, அம்மாவுக்கு வருவம். தைக்க விடுங்கோ. தையல் மெசின் புதுசு வாங்கிக் குடுக்கத் தேவையில்லை, பழசு இருந்தால் எண்ணெய் போட்டுச் சுத்தட்டும், 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டபோதும் என்ர கைமெசின் ஓடினது. துணியை வெட்ட முதல் எல்லாத்தையும் ஒருக்காத் தோய்க்கச் சொல்லுங்கோ. முக்கியமா சிவப்பு, ஈர வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பாத்திட்டுத்தான் சேர்க்கவேணும், நான் அவசரப்பட்டு ஒரு சிவப்புச் சீலையால வெள்ளை யூனிபோர்ம் துண்டெல்லாம் றோசாவாக்கினனான். கண்ணில வெண்புரை இருந்தால் முதல்ல அதை எடுக்கட்டும், நான் எடுத்த பிறகுதான் நான் முந்தித் தைச்சதின்ர இலட்சணமே தெரிஞ்சது. முதல் குவில்ற்றைப் பெரிசாத் தொடங்க விடாதேங்கோ, தொட்டில் அளவு காணும். எத்தினை ரூபாய்க்கு விக்கலாம் எண்டு மட்டும் கேக்காதேங்கோ. முடிச்சு உங்களுக்குத் தந்தால் விரிச்சுப் படுங்கோ, சரி காருக்காவது போடுங்கோ.

உங்கட பழைய சேட்டு ரெண்டு மூண்டை அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கோ. தனிப் பருத்தியா இருக்கவேணும், பொலியெஸ்ரர் வேண்டாம். பட்டனை வெட்டாமல் அனுப்புங்கோ.