நாய்ப் பகுதியைச் சுருக்குகிறார்கள்: கவுன்சிலுக்கு என்ன எழுதலாம்?

கேள்வி: மேற்கு சிட்னியில் வசிக்கிறோம். வீட்டருகே உள்ள மைதானத்தில் நாய்களைக் கயிறில்லாமல் ஓடவிட அனுமதி உண்டு. இனி ஒரு மூலையில் வேலியடைத்த சிறு இடத்தில் மட்டும் எந்நேரமும் விடலாம், மற்ற பகுதியில் மாலை 5 மணிக்கு மேல்தான் என்று கவுன்சில் வரைவு வெளியிட்டிருக்கிறது. எங்களிடம் லாப்ரடார் இருக்கிறது. அங்கேயே காலையில் நடக்கும் என் மாமனாருக்கோ ஓடிவரும் நாய் என்றாலே நடுக்கம். ‘முடிவெடுத்துவிட்டார்கள், எழுதிப் பயனில்லை’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?

பதில்: வரைவு என்றால் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் ‘எங்கள் உரிமையைப் பறிக்காதீர்கள்’ என்று எழுதினால் உங்கள் கடிதம் எண்ணிக்கையில் ஒன்றாகிவிடும், அவ்வளவுதான். நியூ சவுத் வேல்ஸின் 1998ஆம் ஆண்டு வளர்ப்புப் பிராணிகள் சட்டம், 13ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு கவுன்சில் எல்லைக்குள்ளும் கயிறில்லாப் பகுதி ஒன்றாவது எப்போதும் இருந்தாக வேண்டும். அது உங்கள் மைதானமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: நேரம் குறித்து அனுமதிக்கலாம், நாளுக்கு நாள் வெவ்வேறு நேரமும் வைக்கலாம். நீங்கள் வாதாட இடம் கிடைப்பது இங்கேதான்.

மாலை 5 மணி என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் சிட்னியில் 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். விளக்கில்லாத மைதானத்தில் இருட்டில் நாயை அவிழ்த்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கோடையிலோ 5 மணிக்கும் வெயில் கொளுத்தும். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவான வட்டாரம் இது. ஆண்டு முழுவதற்கும் ஒரே நேரம் என்பது மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கு. பருவத்துக்கேற்ப மாறும் மாலை நேரமும், வாரத்தில் சில காலைகளும் கேளுங்கள். எந்தக் காலைகள் என்பதை முதலில் மாமனாரோடு பேசி முடிவு செய்யுங்கள். வீட்டுக்குள் ஒத்துப்போகாத அட்டவணை ஊருக்குள்ளும் ஒத்துப்போகாது!

வேலியடைத்த மூலையைத் திறந்த மைதானத்துக்கு ஈடென்று நான் ஏற்கமாட்டேன். நாய்கள் முட்டி மோதுவது பெரும்பாலும் வாசலருகே. அதனால் இரட்டைக் கதவு அவசியம். சிறிய நாய்களுக்குத் தனித் தடுப்பு, நிழல், தண்ணீர்க் குழாய் உண்டா, எத்தனை சதுர மீட்டர் என்று கேளுங்கள். சின்ன இடத்தில் புல் தேய்ந்து, மழை பெய்தால் சேறாகிவிடும். குழந்தைகளின் விளையாட்டுச் சாதனங்கள், பார்பெக்யூ அடுப்புகள் ஆகியவற்றிலிருந்து 10 மீட்டருக்குள் கயிறு கட்டிய நாய்க்கும் அனுமதியில்லை. வரைபடத்தில் அந்தத் தூரத்தை அளந்து பாருங்கள்.

மாமனாரின் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். கயிறில்லாப் பகுதியிலும் நாய் ஒருவர் மீது பாய்ந்தாலோ துரத்தினாலோ, காயம் படாவிட்டாலும், 16ஆம் பிரிவின்படி அது குற்றம். அவர் கவுன்சிலில் புகார் செய்யலாம். நடைபாதையில் எந்நேரமும் கயிறு கட்டாயமாக வேண்டும் என்று கேட்டு அவர் தனியாக ஒரு கடிதம் எழுதட்டும். ஒரே வீட்டிலிருந்து இரண்டு தரப்பும் நியாயமாகப் பேசுவதை அதிகாரிகள் அடிக்கடி பார்ப்பதில்லை. அவருக்கு ஆங்கிலம் சிரமம் என்றால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

இனி காலக்கெடு. இந்த மாற்றம் மைதானத்தின் மேலாண்மைத் திட்ட வரைவாக வந்திருந்தால், 1993ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி அது குறைந்தது 28 நாள் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். கருத்து அனுப்ப, வைத்த நாளிலிருந்து குறைந்தது 42 நாள் உண்டு. பலர் 28ஆம் நாளோடு எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். நாய்ப் பகுதி குறித்த ஆணை மட்டும் என்றால் அறிவிப்பிலுள்ள கடைசித் தேதியே கணக்கு.

எத்தனை புகார்களின் பேரில் இந்த மாற்றம் என்று முதலில் சும்மா கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் 2009ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 30 டாலர் கட்டி முறையாக விண்ணப்பிக்கலாம். 20 வேலை நாட்களில் முடிவு சொல்ல வேண்டும் என்பதால் இன்றே அனுப்புவது நல்லது. கடிதத்தின் நகலை உங்கள் வட்டாரக் கவுன்சில் உறுப்பினர்களுக்கும் அனுப்பி, தீர்மானம் வரும் கூட்டத்தில் பேச நேரம் கேளுங்கள்.