ஞாயிறு வேலையும் மார்மன் நண்பரும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டல்லாஸில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட அணிக்கு மேலாளராக இருக்கிறேன். அணியில் ஒருவர் மார்மன், அதாவது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். அதை அவர் மறைப்பதில்லை. காபி தொடமாட்டார், மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடும் ஞாயிற்றுக்கிழமை ரிலீஸுக்கு வரமாட்டார். 'வீட்டில் எத்தனை மனைவி?', 'அந்த மந்திர உள்ளாடையைக் காட்டு' என்று மற்றவர்கள் தினமும் கிண்டல் செய்கிறார்கள். அவரும் சிரித்துவிடுகிறார். ஞாயிறு வேலை தங்கள் தலையில் விழுவதாக மற்றவர்களுக்கு எரிச்சல் வேறு. அவர் புகார் எதுவும் தரவில்லை. நான் தலையிட வேண்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தலையிட வேண்டும், இந்த வாரமே. அவர் புகார் தராதது உங்களைக் காப்பாற்றாது. சக ஊழியர்கள் தரும் தொல்லை வழக்கானால் அமெரிக்க நீதிமன்றம் கேட்பது இதைத்தான்: நிறுவனத்துக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா, தெரிந்தபின் என்ன செய்தது? மேலாளர் காதில் விழுந்தால் நிறுவனத்தின் காதில் விழுந்த மாதிரிதான்.

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களை வேலையிடத்தில் மதம் போன்றவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிற, 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு கட்டுப்படுத்துகிறது. ஒரு நாள் ஒரு ஜோக் அடித்தால் வழக்கில்லை. தொல்லை கடுமையாகவோ ஓயாமலோ இருந்து, வேலைச் சூழலையே கெடுத்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் 'தினமும்' என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல்தான் ஆபத்து. அவர் சிரிப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினோரு பேர் சிரிக்கும் அறையில் பன்னிரண்டாவது ஆள் வேறென்ன செய்வார்?

கிண்டலில் தகவலும் தப்பு. அவருடைய சபை பலதார மணத்தை நிறுத்துவதாக 1890இலேயே அறிவித்துவிட்டது. இன்று அப்படிச் செய்பவர்களைச் சபையிலிருந்து நீக்கிவிடுவார்கள். செய்திகளில் வரும் பலதாரக் குடும்பங்கள் பிரிந்துபோன தனிக் குழுக்களைச் சேர்ந்தவை. உள்ளாடை என்பது கோயில் சடங்கில் ஏற்ற உறுதிமொழியின் அடையாளமாக உள்ளே அணிவது. பூணூல் போட்டவரிடம் சட்டையைக் கழற்றிக் காட்டு என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால் நம்மவர்களுக்கு எப்படி இருக்கும்? 'மார்மன்' என்ற பட்டப்பெயரே வேண்டாம், 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று 2018இல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. உங்கள் நண்பருக்கு எது பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள்.

ஞாயிறு விஷயம்தான் சிக்கலானது. மத நம்பிக்கைக்காக ஒருவர் மாற்று ஏற்பாடு கேட்டால், அற்பச் செலவைக் காட்டியே நிறுவனங்கள் பல காலம் மறுத்துவந்தன. 2023இல் கிராஃப் எதிர் டிஜாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஞாயிறு வேலைக்கு வர மறுத்த தபால் ஊழியரின் வழக்கு அது. நிறுவனத்தின் தொழிலை வைத்துப் பார்க்கும்போது கணிசமான சுமை என்று காட்டினால்தான் இனி மறுக்க முடியும். அந்த மதத்தின் மேல் சக ஊழியர்களுக்குள்ள எரிச்சல் சுமைக் கணக்கில் வராது. ஆனால் வேலைப்பளு உண்மையிலேயே ஏறி அது தொழிலைப் பாதித்தால் வரும். இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் எத்தனை ஞாயிறு ரிலீஸ், யார் யார் வந்தார்கள் என்று எடுங்கள். சனிக்கிழமை இரவு ரிலீஸையும் மற்ற விடுமுறை நாள்களில் அழைத்தால் உடனே வேலைக்கு வரும் ஆன்கால் முறையையும் அவர் ஏற்பாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாக ஏற்பார்கள். ஏற்பாட்டை மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். 'அடுத்த அணியிலிருக்கும் மார்மன் ஞாயிறு வருகிறாரே' என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். சட்டம் பார்ப்பது இவருடைய நேர்மையான நம்பிக்கையை. அவருடைய சபையில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது கேள்வியே இல்லை.

கிண்டலை நிறுத்த, முதலில் மனிதவளத் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு கிண்டல் செய்பவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, எந்த வாக்கியம் கூடாது என்பதை அந்த வாக்கியத்தைச் சொல்லியே சொல்லுங்கள். 'மதங்களை மதிப்போம்' என்று எல்லோருக்கும் ஒரு பொதுமின்னஞ்சல் அனுப்பினால், யாருக்காக என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அவர் இன்னும் தனிமைப்படுவார். நல்லெண்ணத்தில் அவரை வேறு அணிக்கு மாற்றுவது அடுத்த தவறு. சம்பளம் குறையாத இடமாற்றம்கூட, ஓரளவு பாதிப்பு இருந்தால், வழக்குக்குப் போதும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் புகார் கொடுத்தபின் மதிப்பீட்டில் காரணமில்லாமல் இறக்கினால் அது பழிவாங்கல். மூலப் புகார் தோற்றாலும் அந்த வழக்கு தனியாக நிற்கும்.

அவர் பக்கம் தெரிய வேண்டியதும் உண்டு. வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் அமெரிக்க அரசின் சமவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்கச் சம்பவம் நடந்ததிலிருந்து பொதுவாக 180 நாள், மாநில அமைப்பும் இதே சட்டத்தைப் பார்க்கும் இடங்களில் 300 நாள். நிறுவனத்துக்குள் விசாரணை நடக்கிறதே என்று கடிகாரம் நிற்காது. தேதி, சொன்ன சொல், அருகில் இருந்தவர்கள் என்று குறித்துவைப்பது நல்லது. நிறுவன ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வது கூடாது, வேலையைவிட்டு நீக்க அதுவே காரணமாகிவிடும். சபைக்கு வாருங்கள் என்று அவர் சக ஊழியரை ஒருமுறை அழைக்கலாம். வேண்டாம் என்றவரை மறுபடி மறுபடி அழைத்தால் தொல்லை செய்பவர் அவராகிவிடுவார்.

சின்னதாக ஒரு வேடிக்கை. அவருடைய சபையே நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவர், கோயில் நுழைவுச் சான்று இல்லாததால் நீக்கப்பட்டார். மத அமைப்புகளுக்குச் சட்டம் தரும் விலக்கு செல்லும் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சபையின் பக்கம் தீர்ப்பளித்தது. உங்கள் நிறுவனத்துக்கு அந்த விலக்கு கிடையாது.

அணி விருந்துக்கு மதுக்கூடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'சங்கடப்படுவாரே' என்று அவரைக் கூப்பிடாமல் விடாதீர்கள். பதவி உயர்வுப் பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும். அவர் காபி, தேநீர், மது, புகையிலை தொடமாட்டார். மூலிகைப் பானங்களுக்குத் தடையில்லை, கோலாவுக்கும் இல்லை. தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டால் சுக்குக் காபி கொடுக்கலாம். பெயரைக் கேட்டு மிரள்வார், காபித் தூள் போடவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.