ஈரலுக்கு ஏழு நிமிடம், கந்தனக்காய்க்கு ஆறு விசில்

கோழி ஈரல், கந்தனக்காய் (கோழியின் தீனி அரைக்கும் தசைப்பை) சமையல் பற்றிக் கொஞ்ச நாளாகவே கேள்விகள் வந்துகொண்டிருந்தன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, ஈரலும் கந்தனக்காயும் கலந்து அரை கிலோ வாங்கி, குக்கரில் ஆறு விசில் விட்டேன். கந்தனக்காய் நன்றாக வெந்திருந்தது, ஆனால் ஈரல் மாவாகக் கரைந்து குழம்பே கசந்துவிட்டது. அடுத்த வாரம் மூன்று விசில் விட்டேன். ஈரல் அப்போதும் மணல் மணலாகத்தான் இருந்தது, கந்தனக்காயோ ரப்பர் மாதிரி இழுத்தது. எத்தனை விசில்தான் சரி? (வாசகி, கரூர்)

பதில்: இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எந்தக் கணக்கும் சரிவராது. கோழிக்குப் பல் கிடையாது, விழுங்கிய தானியத்தை அரைப்பதெல்லாம் கந்தனக்காய்தான். அதனால் முழுக்கத் தடித்த தசை, நிதானமாக வெந்தால்தான் இளகும். ஈரலுக்கு அந்த வேலை இல்லை, தொட்டாலே குழைகிற பதம், ஏழு நிமிடத்துக்கு மேல் அடுப்பில் நின்றால் வறண்டு உதிர ஆரம்பித்துவிடும். நடுவில் இருப்பது இதயம், அதற்குக் கால் மணி நேரம்.

அரை கிலோ வாங்கினால் கடைக்காரரிடமே தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். முதலில் கந்தனக்காயை மட்டும் மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து மிதமான தீயில் வேகவையுங்கள். பிராய்லர் என்றால் ஐந்தாறு விசில் போதும், நாட்டுக்கோழி என்றால் எட்டு வரை போகும். ஒவ்வொரு குக்கரும் ஒரு மாதிரி என்பதால் விசிலை முழுக்க நம்ப வேண்டாம், ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், நகம் இறங்கினால் வெந்துவிட்டது. அப்புறம் வாணலியில் மூன்று கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சோம்பு, கறிவேப்பிலை, இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு தக்காளி என்று வதக்கி, வெந்த கந்தனக்காயை அதன் தண்ணீரோடு கொட்டி, உப்பு போட்டு, இதயத்தையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். தண்ணீர் வற்றி மசாலா சுருண்டு வரும்போதுதான் ஈரல் உள்ளே போக வேண்டும். போட்ட பிறகு கிண்டாதீர்கள், மூடிவைத்து ஒரே ஒரு முறை மெதுவாகத் திருப்பிவிடுங்கள். ஒன்றரை ஸ்பூன் மிளகும் ஒரு ஸ்பூன் சீரகமும் கொரகொரப்பாக இடித்துக் கடைசியில் தூவினால் போதும். இறக்கும் முன் பெரிய ஈரலாக ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள், நடுவில் சிவப்போ ரத்தமோ தெரியக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 74 டிகிரி செல்சியஸ் கணக்கு. அரைவேக்காட்டு ஈரல் பதமாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் கோழி ஈரலின் உள்ளேயும் கிருமி இருக்கலாம், வேண்டவே வேண்டாம்.

அந்தக் கசப்புக்கு வருகிறேன். அது விசிலால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஈரலோடு பச்சை நிறத்தில் சிறு விரல் நுனி அளவுக்கு ஒரு பை ஒட்டியிருக்கும், அதுதான் பித்தப்பை, எங்கள் ஊரில் பிச்சு என்போம். கடையில் அவசரமாக அறுக்கும்போது அது உடைந்தால் ஒரு சொட்டே குழம்பு முழுவதையும் கெடுத்துவிடும். ஈரலில் பச்சைக் கறை எங்கே தெரிந்தாலும் தயங்காமல் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள், கழுவினால் போகாது.

கேள்வி: சென்னையில் தனியாகத் தங்கி வேலை பார்க்கிறேன் அக்கா. கடையில் கந்தனக்காயை அப்படியே பையில் போட்டுத் தந்துவிடுகிறார்கள். சுத்தம் செய்யத் தெரியாமல் ஒரு முறை அப்படியே சமைத்து, மண் கடிபட்டுக் கீழே கொட்டிவிட்டேன். (வாசகர், சென்னை)

பதில்: இனிமேல் கொட்ட வேண்டாம் தம்பி. என் ஆச்சி இதை அரிவாள்மணையில் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். கந்தனக்காயின் ஓரத்தைக் கத்தியில் வைத்து மெல்லக் கீறி, புத்தகம் மாதிரி விரித்துவிடுவார். நாட்டுக்கோழியாக இருந்தால் உள்ளே அரைபட்ட சோளமும் கம்பும் இருக்கும், கூடவே உளுந்து அளவில் வழவழவென்று தேய்ந்த கற்களும் இருக்கும், கோழி தீனி அரைக்கவென்று தானாகவே பொறுக்கித் தின்ற கற்கள் அவை. அதையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டுப் பார்த்தால் உள்பக்கம் முழுக்கச் சுருக்கம் விழுந்த மஞ்சள் தோல் ஒன்று தெரியும். உங்களை ஏமாற்றியது அதுதான். வேகவைத்தாலும் அது இளகாது, சுருக்கத்துக்குள் இருக்கிற மண்ணும் போகாது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்துக் கிளப்பி, ஒரே சீராக இழுத்தால் பொத்தானைப் பிய்ப்பது போன்ற ஒரு சின்னச் சத்தத்தோடு முழுத் தோலும் கையில் வந்துவிடும். ஆச்சிக்கு ஒன்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது, எனக்கு இப்போதும் இரண்டு நிமிடம் ஆகிறது. கை வழுக்கினால் கொஞ்சம் கல்லுப்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். வெளியே ஒட்டியிருக்கும் கொழுப்பையும் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதையும் வெட்டிவிட்டு, உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து இரண்டு தண்ணீரில் அலசினால் சரி.

ஒன்று மட்டும் கவனம். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே பிடித்துக் கழுவாதீர்கள். தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கிற தட்டிலும் காய்கறியிலும் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பாத்திரத்தில் அலசிவிட்டு, சிங்க்கையும் கத்தியையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்துக் கடையில் இதைக் கிட்னி என்கிறார்கள். கோழிக்குக் கிட்னி இவ்வளவு பெரிதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லவே இல்லை. அது கந்தனக்காய்தான், மாங்காய் என்று சொல்கிற ஊர்களும் உண்டு. கோழியின் கிட்னி முதுகெலும்பின் உள்பக்கக் குழியில் கருஞ்சிவப்பாக, மெத்தென்று ஒட்டிக் கிடக்கும்.

கேள்வி: எனக்கு ஐந்தாவது மாதம். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து அத்தை தினமும் கோழி ஈரல் செய்து தருகிறார். ஆசையாகச் செய்து தருவதால் மறுக்க முடியவில்லை. சாப்பிடலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள் அம்மா. அத்தை சொல்வதில் தப்பில்லை, நூறு கிராம் பச்சை ஈரலில் சுமார் 9 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது, வேறு சமயமாக இருந்தால் நானே சாப்பிடச் சொல்லியிருப்பேன். ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ மிக மிக அதிகம், அது அளவு மீறினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்க வேண்டும் என்றுதான் பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையும் சொல்கிறது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், இதுவரை ஈரல் சாப்பிட்டதையும் அடுத்த முறை போகும்போது அவரிடம் சொல்லிவிடுங்கள். அத்தைக்கு மனம் நோக வேண்டாம் என்றால் கந்தனக்காய் கேளுங்கள், அதில் வைட்டமின் ஏ மிகக் குறைவு, இரும்பும் புரதமும் உண்டு. கூடவே எலுமிச்சம்பழம் பிழிந்த ஏதாவது சாப்பிட்டால் கீரை, பருப்பில் இருக்கிற இரும்பும் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம்.

யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குகிறவர்களும் ஈரலைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: சின்ன வயதில் கோழி அடித்த அன்று பாட்டி ஈரலை அடுப்புத் தணலில் சுட்டு எங்களுக்கு மட்டும் கொடுப்பார். கேஸ் அடுப்பில் அது வருமா? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: அந்தச் சாம்பல் வாசனை கேஸ் அடுப்பில் வராது. ஆனால் பக்கத்தில் போகலாம். இரண்டு ஈரலைக் கீறாமல் முழுதாக எடுத்து, உப்பும் மிளகும் தடவி, நல்லெண்ணெய் பூசிய வாழை இலையில் மடித்து, காய்ந்த இரும்பு தோசைக்கல்லில் வைத்து மூடி, சின்னத் தீயில் பக்கத்துக்கு ஐந்து நிமிடம் விடுங்கள். இலைக்குள் மெல்ல வேகுவதால் முன்னே சொன்ன ஏழு நிமிடக் கணக்கு இங்கே பொருந்தாது. இலை கருகி ஓட்டை விழுகிற இடத்தில் ஈரல் கல்லில் பட்டு லேசாகத் தீயும், அந்தத் தீய்ந்த ஓரம்தான் பாட்டி கொடுத்ததற்குக் கொஞ்சம் நெருங்கி வருவது. பிரித்ததும் நடுவில் வெந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சூட்டோடு பிள்ளைகள் கையில் கொடுங்கள்.