கடைக்குப் போவது யார்?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது; நின்றால் விட்டுவிடுகிறது. காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, சிகரெட்டை நிறுத்தியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 15 பிடித்தவர் இப்போது 5 ஆகக் குறைத்திருக்கிறார். கடை வரை அவரால் நடக்க முடியாததால் எங்கள் 15 வயது மகன்தான் வாங்கி வருகிறான். முழுதாக விடச் சொன்னால் எரிந்து விழுகிறார். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கணவரின் காலைப் பற்றிப் பிறகு பேசலாம். ‘மகன்தான் வாங்கி வருகிறான்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது உங்களை உறுத்தவே இல்லையா? அப்பாவின் காலைத் தின்கிற சாமானை வாங்கிவரப் பிள்ளை கையில் காசு கொடுத்து அனுப்புகிறீர்கள். நாளைக்கு அந்தக் காலை எடுக்கவேண்டி வந்தால், வாங்கிக் கொடுத்தவன் நான்தானே என்று அவன் உள்ளுக்குள் புழுங்குவான். பெற்ற பிள்ளை தலையில் அப்படியொரு பாரத்தை வைக்க அப்பாவுக்கும் உரிமை கிடையாது, அம்மாவுக்கும் கிடையாது. வீட்டில் சண்டை வேண்டாமே என்று கண்டுகொள்ளாமல் விட்டிருப்பீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். அவர் கத்தினால் உங்களிடம் கத்தட்டும்.

உண்மையில் அவர் நடக்கத்தான் வேண்டும், சிகரெட்டுக்காக அல்ல. இந்த நோய்க்கு நடையே ஒரு வைத்தியம். வலி வரும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடப்பது. ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்துக்கு 3 நாளாவது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தால், சில மாதங்களில் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும். நீங்களோ நடையை நிறுத்திவிட்டு, புகையை வீடு தேடி வரவழைத்திருக்கிறீர்கள்.

5 ஆகக் குறைந்ததில் உங்களுக்கு ஒரு நிம்மதி தெரிகிறது. எனக்கு இல்லை. ஏற்கெனவே குறுகிப்போன குழாயை ஒவ்வொரு சிகரெட்டும் இன்னும் சுருக்குகிறது, ரத்தத்தை உறையத் தூண்டுகிறது. தினம் ஒன்றே ஒன்று பிடிப்பவருக்குக்கூட, 20 பிடிப்பவருக்குக் கூடுகிற மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி உண்டு.

எரிந்து விழுவது நிக்கோடின் கிடைக்காத உடம்பின் வேலை. முதல் வாரம் மோசமாக இருக்கும், சில வாரங்களில் தணியும். அதைச் சமாளிக்கத்தான் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோடின் பட்டை, சூயிங்கம், வாரெனிக்லின், பூப்ரோபியான் மாத்திரைகள் எல்லாம் இருக்கின்றன. டாக்டர் நிறுத்தச் சொன்னார், சரி. எப்படி நிறுத்துவது என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. வைராக்கியத்தை மட்டும் நம்பி விட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பவும் பற்றவைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். ‘குறைச்சுட்டேன் டாக்டர்’ என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துவிடக் கூடாது. எந்த மருந்து, எந்தத் தேதியில் நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அதற்குள் பாதத்தில் ஆறாத புண்ணோ, படுத்திருக்கும்போதே கால்வலியோ வந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே கூட்டிப் போங்கள்.