படபடக்காத மனம்

கேள்வி: எனக்கு வயது 28. இதுவரை நான் விரும்பிய இருவருமே ஒரு வாரம் உருகிப் பேசிவிட்டு, மறுவாரம் காணாமல் போகிறவர்கள். வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழுந்தும் பதில் வராமல், நடு இரவில் கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது வீட்டில் பார்த்திருக்கும் வரன் சொன்ன நேரத்துக்கு அழைக்கிறார், அக்கறையாகப் பேசுகிறார். ஆனால் மனம் படபடக்கவில்லை. சிறுவயதில் அப்பா வெளிநாட்டிலேயே இருந்ததுதான் காரணமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: படபடப்பை மட்டுமே காதலுக்கு அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் இருக்கிறது என்று தோன்றுகிறது. 1974இல் டட்டன், ஆரன் என்ற உளவியலாளர்கள், கனடாவில் சுமார் 230 அடி பள்ளத்துக்கு மேல் ஆடும் கபிலானோ தொங்குபாலத்தில், ஒரு பெண்ணை நிறுத்தி, அங்கு வந்த ஆண்களிடம் பேசவைத்துத் தொலைபேசி எண்ணையும் கொடுக்கச் செய்தார்கள். எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அவரை அழைத்தார்கள். ஆடாத, தாழ்வான பாலத்தில் வாங்கிய 16 பேரில் இருவர்தான் அழைத்தார்கள். உயரம் கிளப்பிய பயத்தையே ஈர்ப்பு என்று மனம் எடுத்துக்கொண்டது என்பது அவர்கள் தந்த விளக்கம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நீலக்குறியைப் பார்த்தபடி நீங்கள் விழித்திருந்த இரவுகளில் உங்களை ஆட்டிவைத்ததில் காதல் எவ்வளவு, கைவிடப்படுவோமோ என்ற பயம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி மனநல மருத்துவர் ஜான் பௌல்பி சொன்னதை, ஹேசன், ஷேவர் என்ற உளவியலாளர்கள் 1987இல் காதல் உறவுகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அமெரிக்க நாளிதழ் ஒன்றின் வாசகர்களிடம் அவர்கள் கேட்டபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், துணை தன்னை விட்டுப் போய்விடுவாரோ என்ற தவிப்பிலேயே இருப்பவராகத் தம்மை அடையாளம் காட்டினார். ஆகவே இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த கோளாறு அல்ல. அப்பாவின் மீதும் பழியைப் போட்டுவிடாதீர்கள். குடும்பத்துக்காகக் கடல் கடந்தவர் அவர். சிறுவயது அனுபவம் பிற்கால உறவுகளில் சாயல் காட்டலாமே தவிர, அதுவே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவதில்லை. நம்பத்தகுந்த ஒருவரோடு பழகப் பழக இந்தத் தவிப்பு தணிவதும் உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு உடனே சம்மதம் சொல்லிவிட வேண்டாம். அவரைக் கண்டால் ஒவ்வாமையாக இருக்கிறது என்றால், பழகினால் சரியாகும் என்று யார் சொன்னாலும் கேட்காமல் மறுத்துவிடுங்கள். பரபரப்பு இல்லை என்பது மட்டும்தான் தயக்கம் என்றால், நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கும் முன் வீட்டில் இரண்டு மாத அவகாசம் கேளுங்கள். அதற்குள் நான்கைந்து முறையாவது நேரில் சந்தித்து, அவர் கருத்துக்கு மாறான ஒன்றை, வேலையைத் தொடர்வது பற்றியோ தனிக்குடித்தனம் பற்றியோ, வெளிப்படையாகச் சொல்லிப் பாருங்கள். அவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைக் கவனித்த பிறகு உங்கள் முடிவை வீட்டில் சொல்லுங்கள்.