குதிரைத்திறன் அதிகமுள்ள கார்தான் டிராக்கிலும் வேகமா?

நேர்க்கோட்டில் பெரும்பாலும் ஆமாம். வளைவுகள் வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப என்ற கார் பந்தயப் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் 770 குதிரைத்திறன் கொண்ட லம்போர்கினி அவென்டடோர் எஸ்.வி.ஜே. அங்கே 20.6 கி.மீ. தூரத்தை 6 நிமிடம் 44.97 விநாடியில் முடித்தது. 2022-இல் போர்ஷே 911 ஜிடி3 ஆர்.எஸ். 525 குதிரைத்திறனை மட்டும் வைத்துக்கொண்டு அதே தூரத்தை 6:44.848-இல் கடந்தது! இன்றும் எனக்குச் சிலிர்ப்பூட்டும் ஒப்பீடு இது.

முக்கியக் காரணம், காற்றின் விசையால் காரைக் கீழ்நோக்கி அழுத்தும்படி அதில் பொருத்திய இறக்கைகள். மணிக்கு 285 கி.மீ. வேகத்தில் காற்று அந்தப் போர்ஷேயை 860 கிலோ பாரம் ஏற்றியதுபோல் தரையோடு அழுத்துகிறது. டயர் சாலையைக் கவ்விப் பிடிப்பதால், வளைவுக்கு வெகு அருகில் வந்த பிறகு பிரேக்கை மிதித்தால் போதும். வளைவுக்குள்ளும் வேகத்தை அதிகம் இழக்க வேண்டியதில்லை.

அப்புறம், நேரங்களை ஒப்பிடும்போது தூரத்தையும் பாருங்கள். 20.832 கி.மீ. முழுச் சுற்றில் இதே ஜிடி3 ஆர்.எஸ். எடுத்த நேரம் 6:49.328. கூடுதலான அந்த நாலரை விநாடி காரின் குறை அல்ல, நீளமான சுற்றின் கணக்கு. டயரும் அப்படித்தான்: சாதாரண டயரில் ஓடிய காரையும் டிராக்குக்கென்றே செய்த டயரில் ஓடிய காரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமே இல்லை.

ஒரே சுற்றில் பறக்கும் கார் பத்தாவது சுற்றிலும் அப்படியே ஓடும் என்றும் நினைக்காதீர்கள். பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் மெத்தென்று உள்ளே இறங்கும், பிரேக் சரியாகப் பிடிக்காது.